உட்கார்ந்து செய்கிற கலை

உட்கார வேண்டும். நாற்பத்திரண்டு வயதில் சண்முகவேலுக்கு மிஞ்சியிருந்த லட்சியம் அது ஒன்றுதான்.

சிலருக்கு எம்.எல்.ஏ. ஆக வேண்டும் என்று ஆசை இருக்கும். சிலருக்கு அடையாறில் ஒரு கிரவுண்டு வாங்கிப் போட வேண்டும் என்று இருக்கும். சண்முகவேல் பாவம், அவ்வளவு பேராசைக்காரர் இல்லை. தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் பத்தொன்பது வருஷமாக நிற்கிறார். வேலை பார்க்கிறார் என்பதைவிட நிற்கிறார் என்பதுதான் பொருத்தம். அந்தக் கடையில் வாங்க வருகிறவர்களுக்கு ஸ்டூல் உண்டு, முதலாளிக்கு நாற்காலி உண்டு, விற்கிறவர்களுக்குச் சொந்தக் கால் உண்டு. காலை ஒன்பதரைக்கு நின்றால் ராத்திரி எட்டரைக்குத்தான் அந்தக் கால் மடங்கும். பஸ்ஸிலும் இடம் கிடைக்காது. ஜன்னல் வழியாக எவனாவது கைக்குட்டையைப் போட்டு வைத்திருப்பான். கெண்டைக்கால் நரம்பெல்லாம் நூல்கண்டு மாதிரி சுருண்டு போயிருந்தது.

வாரத்தில் ஒரு நாள் லீவு, ஞாயிற்றுக்கிழமை. மந்தைவெளியில் கீழ்ப்போர்ஷனில் வாடகைக்குக் குடியிருந்தார். கூடத்தில் ஒரு சாய்வு நாற்காலி. மூர் மார்க்கெட்டில் அரை நாள் பேரம் பேசி, ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் இருந்த ஒரே நாற்காலியும் அதுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதில் போய்ச் சாய்வார். முதுகு துணியில் படும். அந்த நொடியில் உள்ளேயிருந்து குரல் வரும்.

"சும்மாதானே இருக்கீய?"

மனைவி இசக்கியம்மாளின் கணக்கில், உட்கார்ந்திருக்கும் ஆண்பிள்ளை சும்மா இருக்கிறான் என்று அர்த்தம். சும்மா இருப்பவன் ரேஷன் கடை வரிசையில் நிற்கலாம். கோதுமையை மாவு மில்லுக்குக் கொண்டு போய் அங்கே நிற்கலாம். தெருமுனைப் பம்பில் பதினாலு குடம் அடிக்கலாம். அதுவும் நின்றுகொண்டுதான். அவளைக் கொடுமைக்காரி என்று நினைத்துவிடக் கூடாது. அவளும் நாலரை மணிக்கு எழுந்தால் ராத்திரி பாத்திரம் கவிழ்க்கிற வரைக்கும் தரையில் குந்தக்கூட நேரமில்லாதவள்தான். அதை யார் யோசித்தார்கள்? சண்முகவேல் யோசிக்கவில்லை. அவர் தன் காலைப் பற்றி மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குடத்தைத் தூக்கிக்கொண்டு வரும்போது பக்கத்து வீட்டு மதில் மேல் அவர் பார்வை விழுந்தது. அந்தப் பக்கம் வால்டர் மாஸ்டர் வீடு. பாதிரியார்கள் நடத்தும் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். மதிலுக்கு மேலே வால்டரின் தலையும் தோளும் தெரிந்தன. அசையாமல் உட்கார்ந்திருந்தார். எதிரே பலகையில் காகிதம், கையில் பென்சில். அந்தப் பக்கம் அவர் மனைவி ஆனியின் கொண்டை. நடுவே எங்கேயோ காபி ஆவி பறந்தது.

சண்முகவேல் பதினாலு நடை நடந்தார். பதினாலு தடவையும் வால்டர் அதே இடத்தில் இருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. ரேஷன் என்ற சொல்லோ மாவு மில் என்ற சொல்லோ அந்தக் காம்பவுண்டுக்குள் ஒலிக்கவில்லை. மதிலோரம் குடத்தை இறக்கிவிட்டு நின்ற சண்முகவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் தான் எப்படி ஏமாந்திருக்கிறோம் என்று இருந்தது.

அன்று சாயங்காலமே பேச்சை எடுத்தார். இசக்கியம்மாள் முறத்தில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இசக்கி, நான் படம் வரையக் கத்துக்கலாம்னு இருக்கேன்."

"என்ன படம்?"

"ஆள் படம். முகத்தைப் பார்த்து அப்படியே பென்சில்ல வரையறது. கலர் பென்சிலும் உண்டு."

"எதுக்கு?"

"மனுசனுக்குன்னு ஒரு கலை வேண்டாமா?"

"வேணும் வேணும். எந்தக் கிழமையில?"

அந்தக் கேள்வியிலேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

"ஞாயித்துக்கிழமைதான். மத்த நாள்ல எனக்கு ஏது நேரம்?"

"ம்." ஒரு கல்லை எடுத்து வாசல் பக்கம் எறிந்தாள். "யாரை வரையப் போறீய?"

இதை அவர் யோசித்து வைக்கவில்லை. ஆனாலும் பத்தொன்பது வருஷம் பட்டுப்புடவை விற்ற வாய் அல்லவா, தானாகவே பேசிற்று. "உன்னைத்தான். உன்னை விட்டா எனக்கு வேற யாரு இருக்கா?"

அவள் கை நின்றது. "நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணுமே செய்ய வேண்டாம். நான் முடிக்கிற வரைக்கும் அசையாம உட்கார்ந்திரு. வாயைக்கூடத் திறக்கக் கூடாது."

வாயைத் திறக்கக் கூடாது என்பதில்தான் அவர் தந்திரமெல்லாம் இருந்தது. 'சும்மாதானே' என்று சொல்ல வாய் வேண்டுமே. தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டு அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினார்.

வால்டர் மாஸ்டர் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். அவர் வீட்டு வாசல்படியில் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினார்கள். மாஸ்டர் ஒரு பட்டியல் சொன்னார். எச்.பி. பென்சில் ஒன்று, டூ பி ஒன்று, நிழல் போட ஃபோர் பி ஒன்று, பன்னிரண்டு கலர் உள்ள ஒரு பெட்டி, டிராயிங் ஷீட், பாதி பிளேடு, ஒரு துண்டு ரொட்டி.

"ரொட்டி எதுக்கு மாஸ்டர்? நடுவுல பசிக்குமா?"

"அழிக்கறதுக்கு சார். ரப்பர் வெச்சுத் தேச்சா பேப்பர் தோல் உரிஞ்சிடும். ரொட்டிய உருட்டி ஒத்தி எடுக்கணும். அப்புறம் ஸ்டாண்டு ஒண்ணு வேணும். என்னாண்ட பழசு ஒண்ணு கீது, எடுத்துனு போங்க."

"ஸ்டாண்டெல்லாம் எதுக்கு? மடியில வெச்சுக்கறேனே."

"மடியிலயா? உக்காந்துக்கினா?" வால்டர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "முகம் வரையறது நின்னுக்கினுதான் சார். ரெண்டு கோடு போடணும், நாலு அடி பின்னால போய்ப் பாக்கணும். திரும்ப வந்து போடணும். ஒரு படம் முடியறதுக்குள்ள மெரினா வரைக்கும் நடந்த மாதிரி ஆயிடும்."

"நீங்க உட்கார்ந்துதானே வரையறீங்க? மதில் மேல பார்த்தேனே."

வால்டர் ஸ்டாண்டை எடுக்க எழுந்து நின்றார். உட்கார்ந்திருந்தபோது இருந்ததைவிடப் பெரிதாக ஒன்றும் உயர்ந்துவிடவில்லை. ஐந்தடிக்கு இரண்டு விரற்கடை குறைவு. போதாததற்கு அவர்கள் முற்றம் இரண்டு படி பள்ளம். மதிலுக்கு மேலே தெரிந்தது நின்றுகொண்டிருந்த வால்டர்தான்.

பின்வாங்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. வீட்டுக்காரர் தன்னை வரையப் போகிறார் என்று இசக்கியம்மாள் பம்படி முழுக்கச் சொல்லிவிட்டாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை. தலைத் தீபாவளிக்கு எடுத்த மயில் கழுத்துக் கலர் பட்டைக் கட்டிக்கொண்டு, தலையில் கதம்பம் வைத்துக்கொண்டு இசக்கியம்மாள் கூடத்துக்கு வந்தாள். சுற்றிலும் பார்த்தாள். வீட்டில் நாற்காலி ஒன்றுதானே. போய்ச் சாய்ந்தாள். "அப்பாடா" என்று ஒரு பெருமூச்சு விட்டாள். அவ்வளவுதான், சிலையாகிவிட்டாள்.

சண்முகவேல் ஸ்டாண்டின் ஆடுகிற காலைச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினார். மாடிப்படியில் தடதடவென்று சத்தம். வீட்டு ஓனர் நீரஜா அம்மாள் இறங்கி வந்துவிட்டார்.

"ஆணியா அடிக்கறீங்க?"

"இல்லைங்கம்மா, ஸ்டாண்டுக் கால்."

"சுவத்துல ஒரு ஆணி இறங்கக் கூடாது. குடி வரும்போதே சொல்லிட்டேன்."

சொல்லித்தான் இருந்தார். அதனால் அந்த வீட்டில் காலண்டர் ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தது. கண்ணாடி டிரங்குப் பெட்டி மேல் சாய்ந்திருந்தது. சாமி படங்களெல்லாம் அலமாரியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. சண்முகவேல் சுவரையே தொடமாட்டேன் என்று சத்தியம் செய்து அந்த அம்மாளை மேலே அனுப்பி வைத்தார்.

பென்சிலை எடுத்தார். மாஸ்டர் சொன்னபடி கையை நேராக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சில் மேல் கட்டைவிரலை நகர்த்தி, நெற்றி எவ்வளவு, மூக்கு எவ்வளவு என்று அளந்தார். வாசலோடு குடம் கொண்டு போன இரண்டு பெண்கள் நின்று பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு போனார்கள். பதினாலு வருஷத்துக்கு அப்புறம் பெண்டாட்டியைப் பார்த்துக் கண்ணடிக்கிற மனுஷன் என்று மந்தைவெளியில் பேர் வந்தது அன்றைக்குத்தான்.

நெற்றிக்கு ஒரு வளைவு போட்டிருப்பார்.

"பால் பொங்குது," என்றாள் இசக்கியம்மாள், உதடு அசையாமல்.

"போய் இறக்கேன்."

"அசையக் கூடாதுன்னு சொன்னீய."

ஓடினார். பாலை இறக்கிவிட்டு வந்து பென்சிலை எடுத்தார்.

"காப்பி கலந்துட்டு வந்திருக்கலாம்."

கலந்து வந்தார். அதைக் குடிப்பதற்கு மட்டும் அவள் அசைந்தாள். அதற்கப்புறம் உலை வைத்தார், ரசத்துக்குப் புளி கரைத்தார், மகள் ஜெயபாரதிக்குக் கோணலாக இரண்டு சடை பின்னி விட்டார். பத்தரைக்கு ரேஷன் கடையில் சர்க்கரை போடுகிறார்கள் என்று செய்தி வந்தது. மாடல் புருவத்தைத் தூக்கிற்று. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். திரும்பி வந்தபோது மணி பன்னிரண்டரை. காகிதத்தில் அந்த ஒற்றை வளைவு அப்படியே இருந்தது. நாற்காலியில் அவளும் அப்படியே இருந்தாள்.

இரண்டே வாரத்தில் இசக்கியம்மாள் உதடு அசையாமல் பேசுவதில் தேர்ந்துவிட்டாள். சண்முகவேலுக்கு மூக்குக்கூட வசப்படவில்லை.

சீக்கிரம் முடித்துத் தொலைத்துவிட்டால் தேவலை என்று அவருக்கும் தெரியும். ஆனால் தொழில் புத்தி விடவில்லையே. முகத்தை அப்படியே விட்டுவிட்டு முதலில் புடவையில் கை வைத்தார். பன்னிரண்டு பென்சிலில் மயில் கழுத்து கிடையாது. நீலத்தைத் தேய்த்தால் நீலமாக இருந்தது. பச்சையைத் தேய்த்தால் பாசி பிடித்த மாதிரி இருந்தது. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, சாம்பார் கிண்டிக்கொண்டிருக்கும்போது அவருக்குப் பளிச்சென்று பட்டது. அந்தப் பட்டே நெடுக்கே பாவு நீலம், குறுக்கே ஊடை பச்சை என்று நெய்கிறதுதானே. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். நீலத்தை மேலிருந்து கீழாக, கூரான முனையால், அழுத்தாமல் இழை இழையாகப் போட்டார். அதன் மேல் பச்சையைக் குறுக்கே ஓட்டினார். காகிதத்தில் பட்டு மின்னிற்று. சாம்பார் அடிப்பிடித்தது. சண்முகவேலுக்கு அந்த வருஷத்தில் அதைப் போல ஒரு சந்தோஷம் வேறு கிடையாது.

பிறகென்ன, பார்டர். பார்டரில் கோபுரம். ஒவ்வொரு கோபுரமாக மஞ்சளும் பழுப்புமாகக் கூராக்கி வைத்தார். அதற்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

ஐந்தாம் வாரம் வால்டர் மாஸ்டர் எட்டிப் பார்த்தார். படத்தைப் பார்த்தார், சண்முகவேலைப் பார்த்தார்.

"இன்னா சார் இது? மூஞ்சி எங்க?"

முகம் இருக்க வேண்டிய இடத்தில் சுத்தமாக ஒரு வெள்ளை முட்டை இருந்தது.

"முந்தானை முடிஞ்சதும் ஆரம்பிக்கலாம்னு…"

"சார், நீங்க புடவைக்கு ஆள் போட்டுக்கினு கீறீங்க. ஆளுக்குத்தான் புடவை போடணும்."

"அவசரமில்ல மாஸ்டர்," என்றாள் இசக்கியம்மாள், நாற்காலியில் சாய்ந்தபடி. "அவுங்க நிதானமா வரையட்டும். கலையில்லா."

ஆறாம் வாரம் முகத்தில் இறங்கினார். எச்.பி.யால் மெல்லிசாக வெளிக்கோடு, டூ பி.யால் கண், பிறகு ஃபோர் பி.யை எடுத்து நிழல். நிழல் எங்கே விழுகிறது என்று உற்றுப் பார்க்க வேண்டும் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். உற்றுப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே அரை வட்டமாகக் கறுப்பு. மூக்கின் இரண்டு பக்கமும் வாய் வரைக்கும் ஒரு கோடு. காதோரம் நரை. இதெல்லாம் எப்போது வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. கடையில் ஒரு நாளைக்கு நூறு பெண்கள் முகத்தைப் பார்த்து இந்தக் கலர் உங்களுக்கு எடுக்கும், அந்தக் கலர் எடுக்காது என்று சொல்கிறவர். வீட்டில் இருக்கிற முகத்தைப் பார்த்ததில்லை. ஃபோர் பி பென்சில் பாதி தேய்ந்துவிட்டது.

திரும்ப நிமிர்ந்து பார்த்தபோது அவள் தூங்கிப் போயிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. கை நாற்காலிச் சட்டத்திலிருந்து நழுவித் தொங்கிற்று. உள்ளே ஓடி வந்த ஜெயபாரதியை வாயில் விரலை வைத்து அடக்கினார். ஜன்னல் கம்பியில் உட்கார்ந்து கத்திய காக்கையைச் சத்தமில்லாமல் கையை வீசி விரட்டினார். பாவம் என்று இருந்தது. அவ்வளவு நேரம் அடுப்படிக்கும் பம்புக்கும் அலைந்ததில் அவர் கால் விண்விண்ணென்று தெறித்தது. ஒரே நாற்காலி, இரண்டு பேர் கால். யார் மேல் கோபப்படுவது?

எழுந்ததும் அவள் படத்தைப் பார்த்தாள்.

"இது என் மூக்கில்ல."

அடுத்த வாரம், "மூக்கு சரி. வாய் எங்க சித்தி வாயி."

அதற்கடுத்த வாரம், "எல்லாம் சரியாத்தான் இருக்கு. என்னமோ நானில்ல."

நானில்லை என்றால் திரும்ப உட்கார வேண்டும். அவள் உட்கார்ந்தால் அவர் நிற்க வேண்டும். ஒன்பது ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. வாரம் ஆறு நாள் கடையில் நிற்பதே தேவலை, அங்கே ரசம் வைக்கச் சொல்வதில்லை என்று தோன்ற ஆரம்பித்தது.

படத்தைச் சுருட்டிக்கொண்டு வால்டர் வீட்டுக்குப் போனார். முற்றத்தில் ஆனி நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே ஸ்டாண்டு. மாஸ்டரைக் காணோம். கொஞ்ச நேரத்தில் அடுப்படியிலிருந்து இரண்டு டம்ளர் காபியோடு வந்தார். இடுப்பில் ஈரத் துண்டு. சண்முகவேல் மதிலுக்கு மேலே பார்த்த காபி அதுதான்.

"இதை எப்ப ஆரம்பிச்சீங்க மாஸ்டர்?"

"அறுபத்தொண்ணுல."

இப்போது எழுபத்திமூன்று. "இன்னும் முடியலையா?"

"நான் பதினோரு வாட்டி முடிச்சிட்டேன் சார். அவங்களுக்குத்தான் புடிக்கல."

ஆனி புன்னகை மாறாமல் உட்கார்ந்திருந்தாள். வால்டர் சண்முகவேலை வாசல் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். சுருளை விரித்துப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"கண்ணுக்குக் கீழ கறுப்பு வெச்சிருக்கீங்க பாருங்க. வாயோரம் கோடு. அந்த நரை. ரொட்டிய எடுத்து ஒத்தி எல்லாத்தையும் எடுத்துடுங்க. அவ்ளோதான், முடிஞ்சிடும்."

"அப்ப நீங்க ஏன் செய்யலை?"

"நான் டிராயிங் மாஸ்டர் சார். கை பொய் வரைய மாட்டேங்குது."

சண்முகவேல் ஜவுளிக்கடை ஆள். அன்று சாயங்காலமே ரொட்டியை உருட்டினார். ஒத்தி ஒத்தி எடுத்தார். ஒவ்வொரு ஒத்தலுக்கும் ஒரு வருஷம் போயிற்று. கால் ரொட்டியில் பத்து வருஷம் குறைந்துவிட்டது.

இசக்கியம்மாள் வெகுநேரம் படத்தைப் பார்த்தாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, படத்தின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டாள்.

"இப்படியா இருக்கேன்?"

"இப்படித்தான் இருக்கே."

அதைச் சொல்லும்போது அவருக்குப் பொய் சொல்வதாகத் தோன்றவில்லை. அவள் அடுப்படிக்குப் போனாள். கொஞ்சம் கழித்து அங்கிருந்து, "நல்லாருக்கு. பிரேம் போட்டுடுங்க," என்று குரல் வந்தது.

விடுதலை! செவ்வாய்க்கிழமை மயிலாப்பூரில் கொடுத்து, சனிக்கிழமை கடையிலிருந்து வரும் வழியில் கண்ணாடி போட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். கூட்டம். ஜன்னலோரம் இருந்த ஒரு அம்மாள், "கண்ணாடி உடைஞ்சிடப் போவுது, இப்படிக் குடுங்க," என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். படம் வீடு வரைக்கும் உட்கார்ந்து வந்தது. சண்முகவேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, இன்றைக்கு நின்றால் என்ன என்று இருந்தது.

மறுநாள் ஐந்து மணிக்கே எழுந்தார். யாரும் சொல்லாமல் பதினாலு குடம் அடித்தார். ரேஷன் வாங்கி வைத்தார். மாவு அரைத்து வந்தார். இனி 'சும்மாதானே' என்று சொல்ல உலகத்தில் வேலையே மிச்சமில்லை. குளித்துவிட்டு, பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பதினோரு மணிக்குக் கூடத்துக்கு வந்தார்.

நாற்காலியில் இசக்கியம்மாள் உட்கார்ந்திருந்தாள். மயில் கழுத்துப் பட்டில், பத்து வருஷம் குறைந்து, கண்ணாடிக்குள்.

"இசக்கி, படத்தை ஏன் இதுல வெச்சே?"

"வேற எங்க வைக்க? ஆணி அடிக்கக் கூடாதுல்லா."

"அலமாரியில வெய்யேன்."

"சாமி பக்கத்துலயா? உயிரோட இருக்கிறவ படத்தையா? நல்லாருக்கே."

"தரையில சாத்தி வெய்யி."

"என் மூஞ்சியத் தரையிலயா வைக்கச் சொல்லுதீய?"

அதற்கு மேல் எந்தப் புருஷனால் வாதாட முடியும்? சண்முகவேல் பேப்பரைக் கீழே வைத்தார். இனி ஒரே வழிதான். பத்தொன்பது வருஷத்தில் எந்த வாடிக்கைக்காரரிடமும் கெஞ்சாத கெஞ்சலை நீரஜா அம்மாளிடம் கெஞ்சிவிடுவது. கால் ஒவ்வொரு படிக்கும் வலித்தது. மாடி ஏறினார்.

"அம்மா, ஒரே ஒரு ஆணி. சின்ன ஆணி. வீடு காலி பண்ணும்போது நானே சிமெண்ட் வெச்சு அடைச்சுக் குடுத்துடறேன்."

நீரஜா அம்மாள் அவரை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"நேத்து ராத்திரி படத்தைக் காட்டினப்பவே, நல்லா அடிச்சுக்கோங்கன்னு சொல்லிட்டேனே. உங்க வீட்டம்மாதான், 'சுவத்துல எதுக்கும்மா, பஸ்ஸுல கைக்குட்டை போட்டு வெச்ச மாதிரி அது நாற்காலியிலயே இருக்கட்டும், மத்தியானம் வேலை முடிஞ்சு வந்து நான் உட்காரணும்'னுட்டாங்க."